முப்பதாவது நாளுக்குப் பிறகு

போனில் எதையும் அழித்த உடனே அது செத்துப்போவதில்லை. ஒவ்வொரு செயலிக்கும் ஒரு கெடு இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் ஒரு ரீலை அழித்தால் அது 'ரீசன்ட்லி டெலிட்டட்' என்கிற பகுதிக்குள் 30 நாள் கிடக்கும். ஸ்டோரியாக இருந்து, ஆர்க்கைவிலும் இல்லையென்றால் 24 மணி நேரம்தான். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன வீடியோ குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், பேக்கப் ஆகாதது 30 நாள். ஐபோன் கேலரியிலும் 30 நாள். யூட்யூபில் மட்டும் இந்தச் சலுகையெல்லாம் கிடையாது. அழித்தால் அழித்ததுதான்.

செத்தவர்கள் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வீட்டைச் சுற்றியேதான் இருப்பார்கள் என்று நம்மூரில் சொல்வார்கள். இந்தக் கெடுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். மனுஷனுக்குக் கை தவறும், தவறினது தெரியச் சில நாள் ஆகும், தெரிந்ததும் பதறிக்கொண்டு ஓடிவருவான் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. அழிந்தது தெரிந்தால், யாருடையது அழிந்ததோ அவரிடம் யாராவது சொல்லிவிடுவார்கள் என்கிற நம்பிக்கை. என் அத்தை விஷயத்தில் அது நடக்கவில்லை.

அத்தைக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவர். 'சத்துணவு ஆயா' என்று சொன்னால்தான் ஊரில் தெரியும். 2021-இல் ஓய்வு பெற்றார். சும்மா இருக்கத் தெரியாத கை. வாய் அதைவிட. யாரைப் பார்த்தாலும் அப்படியே அவர்கள் மாதிரி பேசிக்காட்ட அத்தைக்கு வரும். ஹெட்மாஸ்டர் முட்டைக் கணக்குக் கேட்கிற தோரணை, டவுன் பஸ் கண்டக்டர் சில்லறை இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற அழகு, தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு வீட்டில் நடப்பது எல்லாவற்றையும் கேட்கிற மாமியார். எல்லாரும் அத்தையின் ஒரே முகத்துக்குள் வந்து போவார்கள். கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து பொம்பளைங்க மட்டும் வெத்தலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் வெளியே வந்துகொண்டிருந்த வித்தை அது.

டிக்டாக் காலத்தில் அத்தை பார்வையாளர் மட்டும்தான். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அந்தச் செயலியைப் பதிவிறக்கத் தடை விதிக்கும்படி உத்தரவு போட்டது. அந்த மாதக் கடைசிக்குள் உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. அடுத்த வருஷம் ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தபோது டிக்டாக் ஒரேயடியாகப் போனது. மறுநாளே ஆப் ஸ்டோர்களில் அது இல்லை. நம்மூரில் கழனியிலும் மாட்டுத்தொழுவத்திலும் நின்று ஆடிய எத்தனையோ பேருடைய வீடியோக்கள் அவர்கள் போனிலிருந்து பார்க்க முடியாத இடத்துக்குப் போய்விட்டன. அதற்குப் பத்து நாளுக்குள் இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. கூட்டம் அப்படியே அங்கே நகர்ந்தது. அத்தைக்கு அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தது பெரிய பேரன். போனைப் பிடித்துப் படம் எடுத்தது மாமா.

இரண்டு வருஷத்துக்கும் குறைவான காலத்தில் 212 ரீல்கள். பெரிய வைரல் எதுவும் இல்லை. மூவாயிரத்துச் சொச்சம் பேர் தொடர்ந்தார்கள். 2023 தை மாதம் மாமா இறந்துபோனார். அதற்குப் பிறகு அத்தை ஒரு வீடியோகூடப் போடவில்லை.

2024 ஆவணியில் அத்தையின் போன் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று காட்டியது. எட்டாம் வகுப்புப் படிக்கிற பேரன் சுத்தம் செய்ய உட்கார்ந்தான். கேலரியை முடித்துவிட்டு இன்ஸ்டாகிராமுக்குள் போனான். 'யுவர் ஆக்டிவிட்டி' என்ற பகுதியில் நாம் போட்ட எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும். டிக் அடித்து மொத்தமாக அழிக்கவும் வழி உண்டு. அதெல்லாம் போனில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிற நகல்கள், அசல் 'நெட்ல' பத்திரமாக இருக்கும் என்று அவன் நினைத்தான். நிலைமை நேர் எதிராக இருந்தது. நெட்டில் இருந்த அந்த ஒன்றுதான் இருந்தது. செயலிக்கு உள்ளேயே படம் பிடித்துப் போடுகிற பழக்கம் மாமாவுக்கு. கேலரியிலும் ஒரு பிரதி சேமிக்கிற அமைப்பை யாரும் போட்டு வைத்திருக்கவில்லை.

செய்தது தப்பு என்று அன்றைக்கு ராத்திரியே பையனுக்குத் தெரிந்துவிட்டது. சித்தப்பாவிடம் போய்ச் சொன்னான். சித்தப்பா என்றால் அத்தையின் இளைய மகன். அவருக்கு அப்போதுதான் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "விடுடா, போனது போகட்டும். பொண்ணு வீட்டுக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்கன்னு நானே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அப்பத்தாகிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றிருக்கிறார்.

அத்தை ஒருநாள் தன் பக்கத்தைத் திறந்து பார்த்தார். காலி. மகனிடம் கேட்டார். "சர்வர் கோளாறும்மா, தானா வந்துரும்" என்று பதில் வந்தது. அத்தை நம்பினார். தினமும் காலையில் ஒரு தடவை திறந்து பார்ப்பாராம். கரண்ட் போனால் வரும்தானே, அந்த மாதிரி.

நாற்பத்தேழாவது நாள், மதுரையில் எங்கள் வீட்டு வளைகாப்புக்கு வந்தபோது போனை என் கையில் கொடுத்தார். "பாப்பா, இந்த சர்வர் எப்பத்தான் சரியாகும்?"

நான் 'ரீசன்ட்லி டெலிட்டட்' பகுதியைத் திறந்தேன். ஒன்றுமில்லை. கெடு முடிந்து 17 நாள் ஆகியிருந்தது. பேரனைக் கூப்பிட்டுக் கேட்டதும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். அழிந்தது தற்செயல். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முப்பது நாள் ஓடிப்போனது தற்செயல் இல்லை.

இளைய மகனை வில்லனாக்க எனக்கு மனசு வரவில்லை. கெட்டவர் இல்லை. அம்மாவின் வீடியோ ஒன்றைக்கூட அவர் முழுசாகப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பார்த்திருந்தால், அத்தை அன்றைக்கு என்னிடம் சொன்னது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"எம் மூஞ்சி போனாப் போகுது பாப்பா. உங்க மாமா சிரிக்கிற சத்தம் அதுலதானடி இருக்கு."

மாமா எந்தப் போட்டோவிலும் சிரித்தவர் இல்லை. கல்யாண ஆல்பத்திலேயே கேஸில் மாட்டினவர் மாதிரிதான் நிற்பார். ஆனால் அத்தை நடிக்க ஆரம்பித்தால் போனுக்குப் பின்னால் அவரால் தாங்க முடியாது. முதலில் மூக்கில் ஒரு சத்தம் வரும், அப்புறம் படம் ஆடும், அப்புறம் வெடித்துவிடுவார். "ஏய், திரும்ப எடுக்கணும்" என்று அத்தை கத்துவது வரைக்கும் சிலதில் பதிவாகியிருக்கும். திரும்ப எடுக்க மாட்டார்கள், அப்படியே போட்டுவிடுவார்கள். 212 வீடியோவில் ஒன்றில்கூட மாமா இல்லை. சத்தத்தில் மட்டும் இருந்தார்.

மதுரை ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிற ஒரு தம்பியிடம் போனைக் கொண்டுபோனோம். "டேட்டா ரெக்கவரி செய்து தரப்படும்" என்று போர்டு இருந்தது. நல்ல பையன். காசு கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டான்: "அக்கா, போன்ல இருந்து அழிஞ்சிருந்தாத்தான் போன்ல தேட முடியும். இது போன்லயே இருந்ததில்லையே."

அழிந்த வீடியோவை இரண்டே நிமிடத்தில் மீட்கலாம் என்று சொல்கிற செயலிகள் ப்ளே ஸ்டோர் நிறைய இருக்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்குப் பதற்றத்தில் அதையெல்லாம் இறக்கிப் பார்க்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை அழிப்பது, பட்டாவில் பெயரை அடிப்பது மாதிரி. பெயர்தான் போகும், நிலம் அங்கேயேதான் கிடக்கும். வேறொருவர் வந்து அதில் வீடு கட்டும் வரை பழைய வரப்பைத் தோண்டி எடுக்கலாம். ரெக்கவரி சாஃப்ட்வேர் என்பதெல்லாம் இந்த ஓட்டையில் பிழைத்தவைதான். போன் அப்படி இல்லை. அதில் இருக்கிற ஃபிளாஷ் மெமரியில், அழித்த இடத்தைப் பின்னணியில் போனே துடைத்து அடுத்த வேலைக்குத் தயாராக்கிவிடும். அதுபோக, ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து உள்ளே இருக்கிற கோப்புகள் என்கிரிப்ட் ஆகித்தான் கிடக்கின்றன. துடைக்காமல் மிஞ்சியது கிடைத்தாலும் பூட்டுதான் கிடைக்கும், சாவி போயிருக்கும். அந்தச் செயலிகள் பெரும்பாலும் காட்டுவது, கேலரி தன் வசதிக்காகச் செய்து வைத்திருக்கிற சின்னச் சின்ன முன்னோட்டப் படங்களைத்தான். பார்த்ததும் 'ஐயோ, இருக்கு' என்று மனசு துள்ளும். பணம் கட்டித் திறந்தால் தபால்தலை அளவுக்கு ஒரு படம் நிற்கும். பழைய மெமரி கார்டு விஷயம் வேறு. அதில் வாய்ப்பு உண்டு. அழிந்தது தெரிந்ததும் அதில் புதிதாக எதையும் பதியாமல் கழற்றி வைத்துவிட வேண்டும்.

அத்தைக்கு இது எதுவும் பயன்படாது. அசல் இருந்த இடத்தில் அசல் இல்லை.

அப்போதுதான் பழைய படங்களைத் தேடுகிறவர்களின் கதை எனக்கு ஞாபகம் வந்தது. பிபிசி 1960களிலும் 70களிலும் தன் நாடகங்களின் வீடியோ டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்திக்கொண்டது. டேப் விலை அதிகம், பழையதை யார் பார்க்கப்போகிறார்கள் என்கிற எண்ணம். 'டாக்டர் ஹூ' தொடரின் பல பகுதிகள் அப்படிப் போயின. லண்டனில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத ஒன்பது பகுதிகள் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்திலிருந்து கிடைத்ததாக 2013-இல் அறிவித்தார்கள். ஒளிபரப்புவதற்காக வெளிநாடுகளுக்கு விற்ற ஃபிலிம் பிரதிகள் அவை. 2019-இல் மைஸ்பேஸ் தளம், சர்வர் மாற்றியபோது 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்கள் போய்விட்டன என்று ஒப்புக்கொண்டது. அதில் ஏறக்குறைய 4,90,000 பாடல்கள் மட்டும் பிறகு இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு வந்து சேர்ந்தன. ஆராய்ச்சிக்காக யாரோ முன்பே இறக்கி வைத்திருந்தவை.

நம்முடைய கதை இன்னும் பாவம். நடராஜ முதலியார் எடுத்த 'கீசகவதம்' தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம். ஒரு பிரதிகூட இல்லை. 1931-இல் வந்த 'காளிதாஸ்' படமும் இல்லை. எங்காவது ஒரு டெண்ட் கொட்டகைக்காரர் ஒரு பெட்டியைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தால் இன்றைக்குப் பார்த்துக்கொண்டிருப்போம்.

தயாரித்தவர்களிடம் தொலைந்தது, அனுப்பிவைக்கப்பட்டவர்களிடம் மிஞ்சியிருக்கிறது. இதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அத்தையின் வீடியோ யார் யாருக்குப் போனது என்று தேட ஆரம்பித்தேன்.

முதல் வாரம் ஏமாற்றம்தான். "இருக்கே, பாட்டி வீடியோ இருக்கே" என்று எல்லாரும் உற்சாகமாக அனுப்பினார்கள். எல்லாம் லிங்க். தொட்டால் பக்கம் இல்லை என்று வந்தது. லிங்க் அனுப்புவது வீட்டு விலாசத்தைக் கொடுப்பது மாதிரி, வீடு இடிந்தபிறகு விலாசத்தை வைத்து என்ன செய்வது? எனக்கு வேண்டியது, இறக்கியோ ஸ்கிரீன் ரெக்கார்ட் செய்தோ வீடியோவாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள். பொதுவாக இவர்களைத்தான் நாம் கேலி செய்வோம். "ஏன் பெரியம்மா இப்படி வீடியோவா அனுப்பி போனை ரொப்புறீங்க, லிங்க் அனுப்புங்க" என்போம். அந்தப் பெரியம்மாக்கள்தான் கைகொடுத்தார்கள்.

ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் வீடியோக்களுக்குத் தனி ஃபோல்டர் உண்டு. அதற்குள்ளேயே நாம் அனுப்பியவற்றுக்கு 'சென்ட்' என்று இன்னொரு ஃபோல்டர். சாட்டை அழித்திருந்தாலும், மீடியாவையும் சேர்த்து அழிக்கச் சொல்லாத வரைக்கும் கோப்பு அதில் கிடக்க வாய்ப்பிருக்கிறது. கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கும், 20220514 என்றால் 2022 மே 14 அன்று அந்தப் போனுக்கு வந்தது. இரண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில், சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய் அவர்கள் போனை வாங்கி இந்த ஃபோல்டர்களைத் திறந்து பார்ப்பதுதான் எனக்கு வேலை. காப்பி குடித்தே வயிறு கெட்டது.

அத்தையோடு சமைத்த இன்னொரு அம்மாவின் பழைய போன் செத்திருந்தது, உள்ளே இருந்த மெமரி கார்டு உயிரோடு இருந்தது. அதில் 22. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற ஒரு பெரியம்மா பெண்ணிடம் 17. அவள் ஷிஃப்ட்டில் கூட இருக்கிற பெண்களுக்குக் காட்டுவதற்காக இறக்கி வைத்திருந்தாள். அத்தை எந்த ஹெட்மாஸ்டரைப் பேசிக்காட்டினாரோ அவரிடமே 9 இருந்தன. தயங்கிக்கொண்டேதான் கேட்டேன். "என்னையத்தான் பேசுதுன்னு தெரியும்மா. நல்லாத்தான் பேசும். துபாய்ல இருக்கிற என் மகனுக்கு அனுப்பி வச்சேன். 'அப்பா, நீங்க வீட்லயும் இப்படித்தான்'னு சொன்னான்" என்றார்.

நான் எதிர்பார்க்காத இடம் ஒன்று இருந்தது. இளைய மகனுக்கு அந்தச் சம்பந்தமே முடிவாகியிருந்தது. பெண்ணின் அம்மா பேச்சுவாக்கில் விஷயத்தைக் கேள்விப்பட்டு, தன் போனை எடுத்து நீட்டினார். அதில் 6. "இந்தம்மா வீட்டுக்குத்தான் பொண்ணு குடுக்கப்போறோம்னு எங்க தெருவுக்கே காட்டுனேனே" என்றார். யார் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து முப்பது நாளை ஓடவிட்டார்களோ, அவர்கள் பெண் பார்க்கச் சம்மதித்ததற்கே அந்த வீடியோ ஒரு காரணமாக இருந்திருக்கிறது. இளைய மகன் அப்போது பக்கத்தில்தான் நின்றார். எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

ஒரே வீடியோ இரண்டு மூன்று பேரிடம் இருந்ததையெல்லாம் கழித்து, இன்னும் அங்கங்கே ஒன்றிரண்டாகக் கிடைத்ததையும் சேர்த்தால் 68 திரும்பி வந்தன. 212-இல் 68. மீதி 144 இனி வராது. வந்தவையும் போனபடி வரவில்லை. நாலு கை மாறியதில் முகம் கலங்கி, பச்சை மாமரம் சாம்பல் நிறமாகியிருந்தது. ஒன்றில் யாரோ 'குட் மார்னிங்' என்று ரோஜாப்பூ ஒட்டியிருந்தார்கள். இன்னொன்றில் பாதியில் யாருக்கோ போன் வந்த மணி.

மாமாவின் சிரிப்பு எட்டில் இருந்தது. ஆனால் அத்தை தேடியது கண்டக்டர் வீடியோ. அதில்தான் மாமா சிரித்துச் சிரித்துப் போன் கையிலிருந்து நழுவி, படம் வானத்தைக் காட்டிவிட்டு நிற்கும். அது யாரிடமும் இல்லை. அத்தை கேட்பதை நிறுத்திவிட்டார்.

கடைசியில் அது அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. மூத்த மருமகளின் போனில். அவருக்கு மாமியார் வீடியோ போடுவது பிடிக்காது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். லைக் போட்டதில்லை, ஷேர் செய்ததில்லை. டவுன்லோட் செய்யவும் அவருக்குத் தெரியாது. அத்தையின் போனில் அதை ஓடவிட்டு, தன் போனால் அதைப் படம் பிடித்து, தன் அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறார். அடுப்படியில் நின்று எடுத்தது. கண்டக்டராக அத்தை முகத்தைத் திருப்புகிறார், மாமாவின் மூக்கில் முதல் சத்தம் வருகிறது, சரியாக அந்த நேரத்துக்குக் குக்கர் விசில் அடிக்கிறது. சிரிப்பில் பாதி விசிலுக்குள் போய்விட்டது. விசில் அடங்கியதும் மிச்சச் சிரிப்பு கேட்கிறது. அதற்கும் மேலே மருமகள் தன் போனுக்குப் பின்னால் சிரிக்கிற சத்தம்.

இதைச் சரிசெய்ய மென்பொருள் இருக்கிறது, விசிலைப் பிரித்து எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அத்தை வேண்டாம் என்றார். "அதுவும் நம்ம வீட்டுக் குக்கர்தானடி. இருக்கட்டும்."

68 வீடியோவையும் தேதிவாரியாக அடுக்கி இரண்டு பென்டிரைவில் போட்டேன். ஒன்று அத்தை வீட்டுப் பீரோவில், ஒன்று எங்கள் வீட்டில். மூன்றாவது பிரதி ஒரு கிளவுட் கணக்கில். கணக்கின் பாஸ்வேர்டை அத்தை மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். பேரன் இப்போது எந்தப் போனைச் சுத்தம் செய்தாலும் முதலில் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டுவிட்டுத்தான் அழிக்கிறான். அவனுக்குத் தெரியாமல்தான் நடந்தது என்று அத்தை அவனிடம் பலமுறை சொல்லிவிட்டார். மகனிடம் அப்படி எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. கோபப்பட்டதாகவும் தெரியவில்லை.

பென்டிரைவ் கொடுத்துவிட்டு வந்து ஒரு வாரம் இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அந்த இளைய மகனிடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. கண்டக்டர் வீடியோவை அனுப்பச் சொல்லியிருந்தார். அதைக் கிளவுடில் போட்டு வைத்திருந்ததால் லிங்க்கை அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் வந்தது:

"லிங்க் வேணாம். வீடியோவாவே அனுப்பு."